ஐ.எல்.ஓ ஏற்புறுதி: ஜெனீவாவில் பதிவானது லயத்துக்கு எப்படி வந்து சேர்கிறது?

பெரட்டுக்களம் எழுதியது:

வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் கொடுக்க ஒரு துண்டறிக்கை தயாராகிறது. தமிழில் ஒரு பக்கம், மலாயில் ஒரு பக்கம். முதல் வரைவில் இப்படி இருக்கிறது: "மலேசியா 2022 மார்ச் 21-இல் கட்டாய உழைப்பு புரோட்டோகாலில் கையெழுத்திட்டது. அன்று முதல் தோட்டத்தில் கட்டாய உழைப்பு குற்றம். 2024 ஜூனில் 155-ஆம் எண் பாதுகாப்பு உடன்படிக்கையிலும் கையெழுத்திட்டோம். இனி ஆபத்தான வேலையை மறுக்கலாம்."

(புரோட்டோகால் என்றால் ஏற்கெனவே உள்ள உடன்படிக்கையோடு சேரும் துணை ஒப்பந்தம்.) அச்சுக்குப் போகும் முன் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக, ஒரு ஐ.எல்.ஓ (அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு) ஒப்பந்தம் மாறினால் நம் அரசாங்கம் அதை எந்தப் படிகளில் ஏற்றுக்கொள்கிறது, எந்தப் படியில் தொழிலாளிக்கு உரிமை கையில் வருகிறது என்பது தெளிவாக வேண்டும்.

கெஸட்வாசகி எழுதியது:

அண்ணே, அந்த நாலு வரியில் மூன்று திருத்தம் இருக்கிறது.

முதலாவது "கையெழுத்திட்டது". ஐ.எல்.ஓ உடன்படிக்கைகளில் எந்த நாடும் கையெழுத்திடுவதில்லை. ஜெனீவா மாநாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் நிறைவேறியதும் மாநாட்டுத் தலைவரும் தலைமை இயக்குநரும் மட்டும் ஒப்பமிடுவார்கள். நாடு செய்வது ஏற்புறுதி. அதற்கென்று ஒரு பத்திரம் தயாரித்து, நாட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் உள்ளவர் ஒப்பமிட்டு, மூலப் பிரதியைத் தலைமை இயக்குநரிடம் சேர்க்க வேண்டும். எந்த உடன்படிக்கை என்பதும், அதற்கு நாடு கட்டுப்படுகிறது, நிறைவேற்றும் என்பதும் பத்திரத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும். சில உடன்படிக்கைகளுக்குக் கட்டாய அறிவிப்பும் இணைக்க வேண்டும். 138-ஆம் எண்ணுக்கு, வேலைக்குச் சேரும் குறைந்தபட்ச வயது என்ன என்று எழுதாமல் அனுப்பினால் பதிவே ஆகாது.

இரண்டாவது "அன்று முதல்". பதிவான நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் கழித்துத்தான் அது அந்த நாட்டில் அமலுக்கு வரும். 2022 மார்ச் 21-இல் பதிவானது 2023 மார்ச் 21-இல் அமலானது. 155-ஆம் எண்ணுக்கும் இதே கணக்கு: 2024 ஜூனில் பதிவு, 2025 ஜூனில் அமல்.

மூன்றாவதுதான் பெரியது. அமலுக்கு வந்த பிறகும் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, தோட்ட நிர்வாகத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. நம் நாட்டில் அனைத்துலக ஒப்பந்தம் தானாகச் சட்டமாவதில்லை. நாடாளுமன்றம் அதை ஒரு சட்டப் பிரிவாக்கி, மாமன்னர் ஒப்புதல் பெற்று, அமைச்சர் அமலாகும் நாளை அரசிதழில் அறிவித்த பிறகே தொழிலாளர் இலாகாவிலோ நீதிமன்றத்திலோ அதைக் காட்டிப் பேச முடியும்.

பெரட்டுக்களம் எழுதியது:

அப்படியானால் ஏற்புறுதிக்கு நாடாளுமன்ற அனுமதி வேண்டாமா? மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தது என்று பலர் நினைக்கிறார்கள்.

கெஸட்வாசகி எழுதியது:

ஏற்புறுதி செய்ய அரசியலமைப்பு வாக்கெடுப்பு கேட்கவில்லை. அது நிர்வாகத்தின் அதிகாரம். அமைச்சரவை முடிவு போதும். ஒன்பதாவது அட்டவணையின் கூட்டரசுப் பட்டியலில் வெளிநாட்டு ஒப்பந்தங்களும் இருக்கின்றன, தொழிலாளர் நலனும் இருக்கிறது. ஆகவே இரண்டும் புத்ராஜெயாவின், அதாவது கூட்டரசு அரசாங்கத்தின் கையில்.

ஆனால் ஐ.எல்.ஓ சாசனத்தின் 19-ஆம் பிரிவு வேறொரு கடமையை வைக்கிறது. மாநாடு ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றினால், மாநாடு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள், விதிவிலக்கான நிலையில் பதினெட்டு மாதத்துக்குள், சட்டம் இயற்றும் அதிகாரம் உள்ள அமைப்பின் முன் அதை அரசாங்கம் வைத்தாக வேண்டும். இதற்குச் சமர்ப்பித்தல் என்று பெயர். சமர்ப்பித்தல் ஏற்புறுதி அல்ல. "ஏற்க வேண்டாம்" என்ற பரிந்துரையோடும் சமர்ப்பிக்கலாம். மாநாட்டில் நம் பிரதிநிதி ஆதரித்து வாக்களித்தார் என்பதும் ஏற்புறுதி அல்ல. இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து எழுதுவதால்தான் குழப்பம் வருகிறது.

சங்கப்பேரேடு எழுதியது:

தங்கச்சி சொன்னதற்கு உள்ளே இன்னும் சில படிகள் உண்டு. அவை கண்ணில் படுவதில்லை, ஆனால் கோப்பு தேங்குவது அங்கேதான்.

மனிதவள அமைச்சு முதலில் இடைவெளிப் பட்டியல் ஒன்று போடும். இடப்பக்கம் உடன்படிக்கையின் ஒவ்வொரு பிரிவு, வலப்பக்கம் அதற்கு ஈடான மலேசியச் சட்டப் பிரிவு. வலப்பக்கம் காலியாக இருக்கும் இடத்தில் சட்டத் திருத்தம் வேண்டும். அந்த வேலையில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் இருக்கும், பத்திரம் அனுப்பும் வேலையில் விஸ்மா புத்ரா (வெளியுறவு அமைச்சு) இருக்கும். வெளிநாட்டுத் தொழிலாளர் சம்பந்தப்பட்டால் உள்துறை அமைச்சும் வந்துவிடும். தோட்டத்துறை என்றால் தோட்டத் தொழில் அமைச்சும். ஒரு அமைச்சு "எங்கள் சட்டத்தோடு மோதுகிறது" என்று எழுதினால் கோப்பு திரும்பிவிடும்.

தொழிற்சங்கத்துக்கு இங்கே எழுத்தில் உள்ள உரிமை ஒன்று இருக்கிறது. மலேசியா 144-ஆம் எண் முத்தரப்பு ஆலோசனை உடன்படிக்கையை 2002-இல் ஏற்றது. அதன் 5-ஆம் பிரிவுப்படி அரசாங்கம் ஐந்து விஷயங்களில் முதலாளிகளையும் தொழிலாளர்களையும் கேட்டாக வேண்டும்: மாநாட்டு நிகழ்ச்சி நிரலுக்கான பதில், சமர்ப்பித்தல், ஏற்காமல் விட்ட உடன்படிக்கைகளை மறுபடி பரிசீலிப்பது, ஐ.எல்.ஓ-வுக்கு அனுப்பும் அறிக்கை, ஏற்றதிலிருந்து விலகுவது. குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறை. நம் நாட்டில் அதற்கான மேடை தேசியத் தொழிலாளர் ஆலோசனை மன்றம். எம்டியுசி (தொழிற்சங்கக் காங்கிரஸ்), எம்இஎஃப் (முதலாளிகள் சம்மேளனம்), அரசாங்கம் மூன்றும் உட்காரும் இடம். தோட்டத்துக் கிளைச் செயலவையிலிருந்து ஒரு தீர்மானம் அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் சங்கத் தலைமையகம், பிறகு எம்டியுசி என்று ஏற வேண்டும். கூட்டத்துக்கு முந்தின வாரம் அனுப்பினால் யாரும் வாசிக்க மாட்டார்கள். நிகழ்ச்சி நிரல் தயாராகும் நேரத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

குலைக்கணக்கு எழுதியது:

ஒரு கேள்வி. சட்டத்தை முதலில் திருத்திவிட்டு ஏற்புறுதி செய்வதா, ஏற்புறுதி செய்துவிட்டுச் சட்டத்தைத் திருத்துவதா? எது நல்லது?

கெஸட்வாசகி எழுதியது:

இரண்டும் இங்கே நடந்திருக்கிறது. விளைவைப் பார்த்தாலே பதில் தெரியும்.

138-ஆம் எண்ணை மலேசியா 1997 செப்டம்பரில் ஏற்றபோது குறைந்தபட்ச வயது 15 என்று அறிவித்தது. ஆனால் 1966-ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் வேலைச் சட்டத்தில் சிறுவர் என்றால் 14 வயதுக்குக் கீழ் என்றுதான் இருந்தது. அந்த ஓர் எண்ணைத் திருத்திய சட்டம் அமலுக்கு வந்தது 2019 பிப்ரவரி 1-இல். இருபத்தொரு ஆண்டுகளுக்கு மேல் ஜெனீவாவில் 15, தோட்டத்தில் 14. செம்பனைக் குலை தூக்கவும் உதிரி பொறுக்கவும் பெற்றோரோடு போன 14 வயதுப் பிள்ளைக்கு அந்த அறிவிப்பால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

155-ஆம் எண்ணில் வரிசை மாறியது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2022-இல் நிறைவேறி 2024 ஜூன் 1-இல் அமலானது. ஏற்புறுதி அதே மாதம் போனது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பினால் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம் என்ற உரிமை 26ஏ பிரிவில் வந்துவிட்டது. சிறிய இடம் என்று சொல்லித் தப்பிக்கும் வழியும் குறுகியது: ஐந்து அல்லது அதற்கு மேல் ஆள் வைத்திருக்கும் முதலாளி, பாதுகாப்பு அதிகாரி வைக்கக் கடமையில்லாதவராக இருந்தாலும், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். துண்டறிக்கையில் 155-ஐக் காட்டாதீர்கள், 26ஏ-வைக் காட்டுங்கள். மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) சொல்லும்போது அதுதான் எடுபடும். முதலில் முதலாளிக்கோ அவர் பிரதிநிதிக்கோ ஆபத்தைத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் அதை நீக்க நடவடிக்கை எடுக்கவில்லை என்றால்தான் விலகலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தெரிவிக்காமல் நடந்துபோனால் வேலைக்கு வராத நாளாகக் கணக்கு வைப்பார்கள்.

லயம்நாலாம்வரிசை எழுதியது:

19-ஆம் எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. தோட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது.

1925-ஆம் ஆண்டு உடன்படிக்கை. வேலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டில் உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்ற பேதம் கூடாது என்பது அதன் சாரம். தீபகற்பத்துக்கு 1957 முதலே இது கட்டுப்பாடு. ஆனால் 1993 ஏப்ரல் முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களைச் சொக்சோவிலிருந்து (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) எடுத்து, 1952-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் போட்டார்கள். ஒரே மரத்தடியில் ஒரே மட்டை விழுந்து இரண்டு பேர் ஊனமானால், மலேசியருக்கு மாதாமாதம் உதவித்தொகை, இந்தோனேசியருக்கோ வங்காளதேசத்தவருக்கோ ஒரு மொத்தத் தொகை கொடுத்து அனுப்பிவிடுவது. ஐ.எல்.ஓ நிபுணர் குழு இதைத் திரும்பத் திரும்ப எழுதியது, மாநாட்டுக் குழுவிலும் மலேசியாவின் பெயர் வந்தது. கடைசியில் 2019 ஜனவரி 1 முதல் அவர்கள் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குத் திரும்பினார்கள். அப்போது முதலாளி சந்தா மட்டும், 1.25 விழுக்காடு.

இருபத்தாறு ஆண்டு எடுத்தது என்று மனம் நோகிறது. ஆனால் அந்த ஏற்புறுதி ஜெனீவா பதிவேட்டில் இல்லாமல் இருந்திருந்தால், 1993-இல் செய்தது தவறு என்று கேட்க யாருக்கும் பிடிமானமே இருந்திருக்காது.

குலைக்கணக்கு எழுதியது:

சரி, பிடிமானம் என்கிறீர்கள். பிடிக்காவிட்டால் அரசாங்கம் விலகிவிட முடியுமே? 105-இல் அதுதானே நடந்தது?

சங்கப்பேரேடு எழுதியது:

நடந்தது. ஆனால் நினைத்த நேரத்தில் விலக முடியாது என்பதற்கும் அதுவே சாட்சி.

பெரும்பாலான ஐ.எல்.ஓ உடன்படிக்கைகளில் விலகுவதற்கு ஒரு சாளரம் உண்டு. உடன்படிக்கை முதன்முதலாக அமலுக்கு வந்த நாளிலிருந்து பத்து ஆண்டு முடிந்ததும் ஓராண்டு திறந்திருக்கும். அந்த ஓராண்டில் விலகவில்லை என்றால் இன்னும் பத்து ஆண்டு கட்டுப்பட்டிருக்க வேண்டும். கணக்கு தொடங்குவது நம் நாடு ஏற்ற நாளிலிருந்து அல்ல. 105-ஆம் எண், கட்டாய உழைப்பு ஒழிப்பு, 1959 ஜனவரி 17-இல் அமலானது. மூன்றாவது சாளரம் 1989 ஜனவரி 17-இல் திறந்து 1990 ஜனவரி 17-இல் மூடியது. மலேசியாவின் விலகல் பதிவான நாள் 1990 ஜனவரி 10. மூட ஒரு வாரம் இருந்தது. சிங்கப்பூர் அதற்கு முந்தின சாளரத்தில், 1979-இல் விலகியது. இன்று மலேசியா 105-இல் இல்லை; 1930-ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்பு உடன்படிக்கையான 29-இலும் அதன் 2014 புரோட்டோகாலிலும் இருக்கிறது. துண்டறிக்கையில் "கட்டாய உழைப்பு உடன்படிக்கைகள்" என்று பன்மையில் பொதுவாக எழுதினால் தவறாகிவிடும், எண்ணைக் குறிப்பிடுங்கள்.

144 ஏற்ற பிறகு, விலகும் யோசனையையும் முத்தரப்பில் பேசாமல் அனுப்பக்கூடாது. 1990-இல் அந்தக் கடமை மலேசியாவுக்கு இல்லை.

பால்தடம் எழுதியது:

ஒப்பந்தங்கள் மாறும் விதத்திலும் வேறுபாடு இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். புரோட்டோகால் என்றால் பழைய உடன்படிக்கையை ஏற்ற நாடு மட்டும் தனியாக அதையும் ஏற்க வேண்டும். 2014 புரோட்டோகால் 29-ஆம் எண்ணோடு சேர்ந்து நிற்பது அப்படி. 1930-ஆம் ஆண்டு மூலத்தில் இருந்த இடைக்கால அனுமதிகளை, அதாவது 3 முதல் 24 வரையிலான பிரிவுகளை, அது நீக்கிவிட்டது. கப்பல் தொழிலாளர் உடன்படிக்கை மட்டும் வேறு ரகம். அதன் விதித் தொகுப்புக்கு வரும் திருத்தங்களை, ஏற்ற நாடுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல், கப்பல் கொள்ளளவிலும் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல், குறித்த காலத்துக்குள் எதிர்த்தால் ஒழிய, தானாக ஏற்றதாகிவிடும். தோட்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

வழக்கொழிந்த உடன்படிக்கைகளை நீக்கும் அதிகாரம் 2015 அக்டோபர் முதல் மாநாட்டுக்கு வந்தது. காலனி ஆட்சிக்கால ஆள்சேர்ப்பு, ஒப்பந்தம், தண்டனை பற்றிய 50, 64, 65 ஆகியவை 2018-இல் அப்படித்தான் போயின. கங்காணி காலத்து வாடை அடிக்கும் அந்த மூன்றும் மலேசியக் கணக்கில் இருந்தவை. இதற்கு நாம் விலகல் கடிதம் எதுவும் அனுப்ப வேண்டியதில்லை.

கெஸட்வாசகி எழுதியது:

இப்போது துண்டறிக்கையின் இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். "கட்டாய உழைப்பு குற்றம்." எந்தச் சட்டப்படி?

1955 வேலைச் சட்டத்தில் 90பி பிரிவு. 2022-இல் திருத்தியது. அமல் முதலில் 2022 செப்டம்பர் 1 என்று அறிவித்து, பிறகு 2023 ஜனவரி 1-க்குத் தள்ளினார்கள். பழைய சுவரொட்டிகளில் செப்டம்பர் தேதி இருக்கலாம், அதைப் பார்த்து எழுதாதீர்கள். தண்டனை ஒரு லட்சம் வெள்ளிக்கு மேற்படாத அபராதம், அல்லது இரண்டு ஆண்டுக்கு மேற்படாத சிறை, அல்லது இரண்டும்.

பிரிவின் வாசகத்தைப் பொறுமையாகப் படியுங்கள். முதலாளி மிரட்டி, ஏமாற்றி அல்லது வற்புறுத்தி வேலை செய்ய வைக்க வேண்டும். அதோடு, அந்த வேலையிடத்தை விட்டு வெளியே போக விடாமல் தடுக்கவும் வேண்டும். இரண்டையும் இணைக்கும் சொல் "மேலும்", "அல்லது" இல்லை. 29-ஆம் எண்ணின் வரையறையில் இந்த இரண்டாவது நிபந்தனை கிடையாது. தண்டனை பற்றிய மிரட்டல், தன் விருப்பமின்மை, இவ்வளவுதான். கடன் சுமத்தி, சம்பளத்தைப் பிடித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு மட்டும் போக விடும் நிர்வாகம் 29-இன் வரையறையில் விழலாம், 90பி-யில் நழுவலாம். ஏற்புறுதியின் பலன் ஒரே ஓர் இணைப்புச் சொல்லில் ஒழுகிப் போகிறது. மாற்ற வேண்டியது அந்தச் சொல்.

லயம்நாலாம்வரிசை எழுதியது:

நழுவினாலும் பிடிக்க வேறு சட்டங்கள் இருக்கின்றன அக்கா. கடப்பிதழை (பாஸ்போர்ட்) பிடித்து வைப்பதற்கு 1966 கடப்பிதழ்ச் சட்டம். சம்பளப் பிடித்தத்துக்கு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. லயம், தண்ணீர், கழிப்பறைக்கு 446-ஆம் எண் சட்டம். ஆள்கடத்தல் எதிர்ப்புச் சட்டமும் உண்டு. புகார் எழுதும்போது 90பி ஒன்றை மட்டும் எழுதினால் விசாரணை அதிகாரி "நடமாட்டத் தடை இல்லை" என்று மூடிவிடலாம். நான்கையும் தனித்தனிப் பத்தியாக, தேதியோடு எழுத வேண்டும்.

பெரிய ஓட்டை இன்னொன்று. புரோட்டோகாலின் 4-ஆம் பிரிவு, கட்டாயப்படுத்தப்பட்டதால் சட்டவிரோதச் செயலில் சிக்கிய பாதிக்கப்பட்டவரைத் தண்டிக்காமல் இருக்க அதிகாரிகளுக்கு வழி இருக்க வேண்டும் என்கிறது. இங்கே அப்படிப்பட்ட பாதுகாப்பு ஆள்கடத்தல் எதிர்ப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில், கடத்தப்பட்டவர் என்ற நிலையில் உள்ளவருக்கு இருக்கிறது. பெர்மிட் புதுப்பிக்காமல் ஏஜெண்ட் கைவிட்ட ஒருவர் தொழிலாளர் இலாகாவுக்கு நடந்து போனால் முதலில் பயப்படுவது குடிநுழைவுத் துறைக்குத்தான். துண்டறிக்கையில் "பயமின்றிப் புகார் செய்யுங்கள்" என்று போட்டுவிடாதீர்கள். முதலில் சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ போகச் சொல்லுங்கள்.

பெரட்டுக்களம் எழுதியது:

அந்த வரி வரைவில் இருந்தது. எடுத்துவிட்டேன், நன்றி. சபா, சரவாக்கில் வேலை செய்யும் உறவினர்களுக்கும் இதே தாள் போகும். அங்கேயும் 90பி செல்லுமா?

கெஸட்வாசகி எழுதியது:

செல்லாது. 1955 வேலைச் சட்டம் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் மட்டும். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனித் தொழிலாளர் சட்டம். அவற்றின் திருத்தங்கள் 2025 மே 1-இல்தான் அமலுக்கு வந்தன. 2023 மார்ச்சுக்கும் 2025 மேக்கும் இடையில், நாட்டின் வாக்குறுதி ஒன்றாகவும் மாநிலச் சட்டம் வேறாகவும் இருந்தது. செம்பனை அதிகம் இருப்பது அங்கேதான் என்பதையும் நினைக்க வேண்டும். ஒரே தாளாக அடிக்காதீர்கள், பிரிவு எண்கள் மாறும்.

குலைக்கணக்கு எழுதியது:

தோட்டங்களுக்கென்றே 110-ஆம் எண் இருக்கிறதே, 1958. அதை ஏன் மலேசியா ஏற்கவில்லை?

பால்தடம் எழுதியது:

"ஏன்" என்பதற்கு அரசாங்கம்தான் பதில் சொல்ல வேண்டும். ஏற்க முடியாத அளவுக்குக் கடினமானதா என்று கேட்டால், இல்லை. 110-ஐ மொத்தமாக விழுங்க வேண்டியதில்லை. சம்பளம், சங்கம் அமைத்துக் கூட்டு ஒப்பந்தம் பேசும் உரிமை, தொழிலாளர் ஆய்வு ஆகிய பகுதிகள் கட்டாயம். மீதமுள்ள வார ஓய்வு, ஆண்டு விடுப்பு, மகப்பேறு, விபத்து இழப்பீடு, வீட்டு வசதி, மருத்துவம் போன்றவற்றில் குறைந்தது இரண்டைத் தேர்ந்தால் போதும். 1982 புரோட்டோகால் இன்னும் இளக்கியது: 5 ஹெக்டருக்கு மேற்படாத, ஆண்டில் எந்த நேரத்திலும் பத்துப் பேருக்கு மேல் வைக்காத தோட்டங்களை விலக்கிக்கொள்ளலாம். இலங்கை ஏற்றிருக்கிறது.

இடைவெளிப் பட்டியல் போட்டுப் பார்த்தால் வலப்பக்கம் பெரும்பாலும் நிரம்பும். சம்பளத்துக்கு 95-ஐயும் 131-ஐயும் ஏற்கெனவே ஏற்றிருக்கிறோம், ஆய்வுக்கு 81, கூட்டுப் பேச்சுக்கு 98. வீட்டு வசதிக்கு 446-ஆம் எண் சட்டம். சங்க உரிமைக்கான 87-ஐ மட்டும் ஏற்கவில்லை. 2024 செப்டம்பர் 15-இல் அமலான தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் ஒரே இடத்தில் பல சங்கங்களுக்கு வழி விட்டதால் அந்தப் பேச்சும் மறுபடி எழுந்திருக்கிறது. 144-இன் 5-ஆம் பிரிவில் "ஏற்காமல் விட்டதை மறுபரிசீலிப்பது" என்று ஒன்று வருகிறதே, 110-ஐ எழுப்ப வேண்டிய இடம் அது.

சங்கப்பேரேடு எழுதியது:

அதற்கு முன் கையில் இருப்பதைப் பயன்படுத்த வேண்டும். ஏற்ற உடன்படிக்கைக்கு அரசாங்கம் ஐ.எல்.ஓ சாசனத்தின் 22-ஆம் பிரிவின்படி அறிக்கை அனுப்புகிறது. அமலான மறு ஆண்டில் முதல் அறிக்கை. பிறகு அடிப்படை உடன்படிக்கைகளுக்கு மூன்று ஆண்டுக்கொரு முறை, மற்றவற்றுக்குப் பெரும்பாலும் ஆறு ஆண்டுக்கொரு முறை. 155-க்கு முதல் அறிக்கை 2026. ஜூன் 1 முதல் செப்டம்பர் 1 வரை பெறுவார்கள். அறிக்கையின் பிரதியைத் தொழிலாளர், முதலாளி அமைப்புகளுக்கும் அரசாங்கம் கொடுக்க வேண்டும், இது 23-ஆம் பிரிவு.

சங்கம் தன் கருத்தை நேரடியாகவே ஜெனீவாவுக்கு அனுப்பலாம். கடைசி நாள் அதே செப்டம்பர் 1. தனிநபர் அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தொண்டு நிறுவனம் என்றால் ஒரு தொழிற்சங்கத்தின் வழியாகப் போக வேண்டும். அறிக்கை முறையில்லாத ஆண்டில் அனுப்பினால் பெரும்பாலும் அடுத்த முறை வரை காத்திருக்கும். ஆகவே நார்ம்லெக்ஸ் என்ற ஐ.எல்.ஓ தளத்தில் மலேசியாவின் பக்கத்தைத் திறந்து, இந்த ஆண்டு எவை கேட்கப்பட்டிருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

எழுதும் முறையும் முக்கியம். "தோட்டத்தில் கொடுமை நடக்கிறது" என்றால் நிபுணர் குழு ஒன்றும் செய்ய முடியாது. உடன்படிக்கையின் எந்தப் பிரிவு, எந்த மலேசியச் சட்டப் பிரிவு அதற்குக் குறைவாக இருக்கிறது, நடைமுறையில் என்ன சான்று. மூன்றும் வேண்டும். மருந்தடிக்கும் பெண்களுக்கு முகக்கவசம் எத்தனை மாதத்துக்கு ஒன்று கொடுக்கிறார்கள், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் பெயர் அலுவலகப் பலகையில் இருக்கிறதா, 26ஏ-வைச் சொல்லி விலகியவருக்குச் சம்பளம் பிடித்தார்களா, சம்பளச் சீட்டின் பிரதி. இப்படி இருந்தால் பத்துப் பக்கம் தேவையில்லை, மூன்று பக்கம் போதும். தொழிலாளியின் பெயரை மறைத்து, தோட்டத்தின் மாவட்டத்தை மட்டும் போடுங்கள்.

பெரட்டுக்களம் எழுதியது:

திருத்திய வரைவு, தீபகற்பத்துக்கு மட்டும்:

"கட்டாய உழைப்பு பற்றிய 29-ஆம் எண் உடன்படிக்கையின் புரோட்டோகால் 2023 மார்ச் 21 முதல் மலேசிய அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. தோட்டத்தில் நீங்கள் காட்ட வேண்டிய சட்டம்: வேலைச் சட்டம் 90பி, 24; கடப்பிதழ்ச் சட்டம்; 446-ஆம் எண் சட்டம். உடனடி ஆபத்து இருந்தால் முதலில் மண்டோரிடமோ அலுவலகத்திலோ தெரிவியுங்கள். அதை நீக்காவிட்டால் விலக உங்களுக்கு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஏ பிரிவு உரிமை தருகிறது. தெரிவித்த நேரத்தையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். பெர்மிட் சிக்கல் உள்ளவர்கள் முதலில் சங்கத்தைப் பாருங்கள்."

கெஸட்வாசகி எழுதியது:

"தெரிவித்த நேரம்" எழுத ஒரு காலிக் கட்டம் அச்சிட்டுவிடுங்கள் அண்ணே. நாள், மணி, இடம், யாரிடம், சாட்சி என்று ஐந்து கோடு போதும். அந்தத் தாளின் பிரதிதான் பிறகு சங்கப்பேரேடு ஐயா சொன்ன சான்றாகும்.